பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

அக்கா மகளுக்கு 2025 ஆகஸ்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ். அன்று இரவே வீட்டில் லேப்டாப் பேச்சு தொடங்கிவிட்டது. "ஆடித் தள்ளுபடி முடியப்போகுது, நல்லதெல்லாம் போயிருக்கும். ஆயுத பூஜைக்குப் பார்க்கலாம்" என்றார் அத்தான். ஆயுத பூஜை வந்தபோது, "இன்னும் இருபது நாள்ல தீபாவளி" என்றார். தீபாவளிக்கு அவளுடைய சீனியர் ஒருவன், "ஜனவரியில புது சிப் வருது. இப்ப வாங்கினா ரெண்டே மாசத்துல பழசு" என்று சொல்லிவைத்தான். அதற்கும் காத்திருந்தோம்.

அத்தனை மாதமும் அவள் அப்பாவின் பழைய லேப்டாப்பில் சி புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். 4 ஜிபி ரேம். "பரவாயில்ல சித்தி, சமாளிச்சுக்கறேன்" என்பாள். அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துபோனது. அந்த வயசான மெஷின் விண்டோஸ் 11ஐ ஏற்காது. ரெக்கார்டு கொடுக்க வேண்டியதற்கு முந்தைய இரவு அது ஆன் ஆகவே இல்லை.

ஜனவரியில் கடைக்குப் போனோம். ஆகஸ்டில் பார்த்துவைத்த அதே மாடல் இருந்தது. பழைய விலையில் இல்லை. புது மாடல் வந்தால் பழையது இறங்கும் என்ற கணக்கில்தானே காத்திருந்தோம்? 2025இன் கடைசி மாதங்களில் மெமரி சிப் விலை உலகம் முழுக்க ஏறியிருந்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி மலைமலையாகத் தேவைப்பட, தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ரூபாயும் டிசம்பரில் டாலருக்கு 90ஐத் தாண்டியது. லேப்டாப்பின் முக்கிய பாகங்களெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. காத்திருந்தால் விலை குறையும் என்பதை இனி விதியாக நம்ப முடியாது. 2020இல் ஊரடங்கும் ஆன்லைன் வகுப்பும் வந்தபோது, காசை வைத்துக்கொண்டு லேப்டாப் கிடைக்காமல் அலைந்த வீடுகள் உண்டு.

புது மாடல் எப்போது வரும் என்று கேட்டால், எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சி, மே கடைசி அல்லது ஜூனில் தைபே கண்காட்சி. ஒன்றில் காட்டியது நம் ஊர்க் கடைக்கு நியாயமான விலையில் வருவதற்குள் அடுத்தது வந்துவிடும். போதாக்குறைக்கு, முந்தைய சிப்பையே கொஞ்சம் தட்டிக்கொட்டிப் புது எண்ணோடு விடுவதும் நடக்கிறது. வாங்கப்போகும் மெஷினின் வயது தெரிய வேண்டுமென்றால், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஒன்றரை வருடம் கிடங்கில் கிடந்த பெட்டியைத் தள்ளுபடியில் வாங்கினால், பேட்டரியும் ஒன்றரை வருடம் கிழடாகித்தான் வரும். உபயோகிக்காவிட்டாலும் லித்தியம் பேட்டரிக்கு வயதாகும்.

இந்தக் கட்டுரைக்காகத்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் எட்டிவிடும் தூரம். முன்பு ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம். இன்று லேப்டாப் சர்வீஸ் கடைகள் மாடிப்படிக்குக் கீழேகூட இருக்கின்றன. எந்த மாதம் வாங்குவது நல்லது என்று கேட்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியோடு மதர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியை முடிக்கவிடவில்லை.

"மாசமெல்லாம் அப்புறம்மா. வாங்கற பொருளைத் திறக்க முடியுமான்னு யாராவது கேக்குறாங்களா?"

இரண்டு மெஷின்களை எடுத்துக் காட்டினார். ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் ஒன்று. ரேமை மாற்றி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தார். ஒரு டைப்பிங் கடையில் இன்னும் ஓடுகிறதாம். மற்றது வாங்கி மூன்றே வருடமான, காகிதம்போல் மெல்லிய மெஷின். "எல்லாமே ஆன்போர்டு. ரேம் போனா போர்டே போச்சு. ரெண்டு கீ வேலை செய்யலைன்னா டாப் பேனலையே மாத்தணும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. இவங்ககிட்ட நான் என்னம்மா சொல்றது? புதுசு வாங்கிக்கங்கன்னுதான் சொல்ல முடியுது."

அங்கிருந்து வந்த பிறகு, புது மாடல் எப்போது வரும் என்ற கேள்வியே எனக்குச் சின்னதாகிவிட்டது. 8 ஜிபியோடு போர்டில் ஒட்டிப் பிறந்த லேப்டாப் கடைசிவரை 8 ஜிபிதான். முதல் வருடத்தில் பொதுப் பாடங்கள், அது போதும். மூன்றாம் வருடம் விர்ச்சுவல் மெஷினோ பெரிய டிசைன் மென்பொருளோ வந்தால் திணறும். அடுத்த தலைமுறை சிப் அதைப் பழசாக்கவில்லை. கூட ஒரு ரேம் துண்டைச் செருக இடம் வைக்காததுதான் பழசாக்கியது. நகையை அடகு வைத்தும் தவணையிலும் வாங்கும் வீடுகளுக்கு இது சாதாரண விஷயமில்லை. தவணை முடியும்போது மெஷினும் முடிந்தால் அந்தப் பிள்ளை மறுபடி யாரிடம் போய்க் கேட்கும்?

ஒட்டிவைத்த ரேம் வேகமானது, மின்சாரம் குறைவாக எடுக்கும், மெஷினின் எடையும் குறையும் என்பார்கள். உண்மைதான். தினமும் விமானத்தில் பறப்பவர்களுக்கு அது உதவலாம். விடுதி அறையில் நாலு வருடம் ஓட வேண்டிய மெஷினுக்கு நூறு கிராம் கூடினால் என்ன?

பிரான்சில் 2021 ஜனவரி முதல், விற்கும் லேப்டாப்பின் மேல் அதை எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டாக வேண்டும். பிரிப்பது சுலபமா, உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேர்த்தி. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் ஆடித் தள்ளுபடிக்கு வரிசையில் நிற்கும் பெற்றோரின் கண்ணில் படவேண்டிய இடம் பெட்டியின் மேல்பக்கம். ஸ்க்ரீன் அளவும் சிப் பெயரும் எழுதியிருக்கும் அதே இடத்தில், ரேம் கூட்டலாமா கூடாதா என்று தமிழில் ஒரு வரி போட எவ்வளவு மை செலவாகிவிடும்?

இப்போது என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் மாதம் சொல்வதில்லை. வேலை தொடங்கும் வாரத்தில் வாங்குங்கள். கடையில் மூன்று கேள்வி கேளுங்கள் என்கிறேன். ரேமுக்குக் காலி ஸ்லாட் உண்டா? எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாமா? பேட்டரி இந்த ஊரிலேயே கிடைக்குமா? விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் மாடல் எண்ணை ஒரு சர்வீஸ்காரரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அக்கா மகளுக்கு வாங்கியதும் அந்தக் கடைக்காரர் சொன்னபடிதான். கண்காட்சியில் வந்த புது சிப் இல்லை, அதற்கு முந்தையது. போர்டில் 8 ஜிபி, பக்கத்தில் ஒரு ஸ்லாட். அவளையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அவர் பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, காலியாக இருந்த அந்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். இன்னொரு 8 ஜிபி போட்டுவிடலாமா என்று கேட்டேன். அன்றைய ரேம் விலையைச் சொல்லித் தலையசைத்தார்.

"இப்ப வேணாம்மா. முதல் வருஷத்துக்கு இதுவே போதும். விலை இறங்கட்டும், பாப்பாவைத் தனியா அனுப்பு. பத்து நிமிஷ வேலை."