புள்ளியை எண்ணினால் வயசு தெரியும்: பழைய அமெரிக்க மடக்குக் கத்தி வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் வார இறுதியானால் பல வீட்டு வாசல்களில் பழைய சாமான் விற்பனை நடக்கும். ஒரு டப்பா நிறைய மடக்குக் கத்திகள் கிடக்கும். பலர் கண்டுக்காமல் போய்விடுவார்கள். சிலர் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, பிளேடின் அடியை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். அப்படி என்னதான் பார்க்கிறாங்க?

முத்திரையை! பிளேடு கைப்பிடிக்குள் நுழையும் இடத்துக்கு ‘டாங்’ என்று பெயர். கம்பெனி முத்திரை அங்கேதான் இருக்கும். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள ‘கேஸ்’ கம்பெனி இதில் கில்லாடி. 1970-ல் முத்திரையோடு 10 புள்ளிகள் வைத்தார்கள். அடுத்த வருஷம் 9, அதற்கடுத்து 8. இப்படியே குறைந்து 1979-ல் ஒரே ஒரு புள்ளி. ஆக, இந்த வரிசையில் 4 புள்ளி இருந்தால் அது 1976-ல் செய்த கத்தி. மாடல் எண்ணும் பேசும். 6254 என்றால், 6 எலும்புக் கைப்பிடி, 2 என்பது பிளேடுகளின் எண்ணிக்கை, 54 ‘டிராப்பர்’ என்ற வடிவம்.

சரி, காசு? 1920, 30-களில் வந்த ரெமிங்டன் ‘புல்லட்’ கத்திகள் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க, விலை எகிறும். இம்பீரியல், கமில்லஸ், ஷ்ரேடின் ‘ஓல்டு டைமர்’ போன்றவற்றில் ஆரம்பிக்கலாம். விவசாயியும் மெக்கானிக்கும் பாக்கெட்டில் போட்டுத் திரிந்த கத்திகள் இவை. ஏராளமாகச் செய்ததால் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கு. நியூயார்க் மாகாணத்தின் எலன்வில்லில் இருந்த ஷ்ரேடு ஆலை 2004-ல் மூடப்பட்டது. ஆனால், பெயர் விற்கப்பட்டு, அதே ‘ஓல்டு டைமர்’ பெயரில் சீனத் தயாரிப்புகள் வந்தன. அதனால் கைப்பிடியில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், டாங்கில் ‘யுஎஸ்ஏ’ இருக்கிறதா என்று பாருங்க.

போலி முத்திரையும் உண்டு. கைப்பிடி தேய்ந்துபோயிருக்க, முத்திரை மட்டும் நேற்று அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்க. அடிக்கடி சாணை பிடித்து ஒல்லியான பிளேடுக்கு மதிப்பு குறைவு. திறந்து மூடும்போது ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

புதுசா வாங்குபவர்கள் செய்யும் பெரிய தப்பு, வீட்டுக்கு வந்ததுமே பாலிஷ் போடுவது. மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் துருவோடு முத்திரையும் போய்விடும். அப்புறம் எந்தப் புள்ளியை எண்ணுவது? கொஞ்சம் மினரல் ஆயில் தொட்டு, மென்மையான துணியால் துடைத்தாலே போதும். தோல் உறையிலும் வைத்துப் பூட்டாதீங்க, பிளேடு கறுத்துவிடும்.

செல்லுலாய்டு கைப்பிடி போட்ட பழைய கத்தி இருந்தால் அதைத் தனி டப்பாவில் வையுங்க. அந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது வெளியேறும் அமில ஆவி, பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.