உங்களுக்குத் தெரியுமா? தொப்பூர் கணவாயில் இரவுப் புகை வேறு கணக்கு

தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயை முக்கி ஏறும் லாரி பகலில் விட்டாலும் இரவில் விட்டாலும் புகை ஒன்றுதான். நம் மூக்குக்கு வந்து சேரும் அளவுதான் வேறு. காற்று வீசினால் போயிற்று என்பார்கள், பாதி உண்மை. வீச்சு புகையை நகர்த்தும், அதை நீர்க்கச் செய்வது காற்றின் சுழிப்பு. வெயிலில் தரை சூடேறினால் பெருஞ்சுழல்கள் கிளம்பிப் புகையை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் தூக்கிக் கலக்கும். மேகமற்ற, காற்றடங்கிய இரவில் தரை முதலில் குளிர்கிறது. குளிர்காற்று பள்ளத்தில் படிய, கலப்பு தரையோடு ஒடுங்கிவிடுகிறது.

இந்தச் சுழிப்பை வெயில், மேகம், காற்றுவேகம் ஆகியவற்றைக் கொண்டே ஆறு வகுப்புகளாக 1961இல் பிரித்தார் பிரிட்டன் வானிலை அறிஞர் பாஸ்க்வில். எளிமையான, கெட்டிக்கார வழி. ஆனால் இத்தகைய வகுப்புகளைக் கொண்டு புகைப் பரவலைக் கணக்கிடும் மாதிரிகளைச் சரிபார்க்க இன்றும் எடுத்தாளப்படும் தரவு, 1956இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சமதளப் புல்வெளியில் கந்தக டை ஆக்சைடை விட்டு, 800 மீட்டர் தொலைவு வரை அளந்தது. வளைந்தேறும் மலைச்சாலைக்கு அது அப்படியே பொருந்தாது. ஆண்டுச் சராசரியைக் கணிக்க இத்தகைய மாதிரி போதாதா எனலாம். ஓரளவு போதும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு திணறுவதோ சராசரியில் அல்ல, சில மணி நேர உச்சத்தில். ஆகவே சாலைத் திட்டக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் புகை மதிப்பீட்டை வாசித்தால், காற்றையும் வெப்பத்தையும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று கேளுங்கள்.