தம்பானூர் வெள்ளம் குன்றில் தொடங்குகிறது

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள் ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் இறங்கும் இடம் தம்பானூர். அந்த நேரம் பார்த்து ஒரு பெருமழை பிடித்துக்கொண்டால், வேட்டியை மடித்துக்கட்டி, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் சாலையைக் கடக்க வேண்டும். பல ஆண்டுகளாக இதே கதைதான்.

நிலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். சுற்றிலும் மேடு, நடுவில் கிண்ணத்தின் அடிபோலத் தம்பானூர். 1931-ல் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. பக்கத்து மைதானத்தின் பெயர் இன்றைக்கும் புத்தரிக்கண்டம். புத்தரி என்றால் புது அரிசி, கண்டம் என்றால் வயல். பத்மநாபசுவாமி கோயிலுக்கான நெல் விளைந்த வயல் அது. வரப்பு கட்டிய வயல் மழைநீரைச் சில நாள் வாங்கி வைத்திருந்து மெதுவாக விடும். தாரும் சிமென்டும் அப்படி வைத்திருக்காது.

இந்தக் கிண்ணத்தின் வழியாக ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. தோடு என்றால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு ஓடை. ஆமை ஊர்ந்த ஓடை என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அப்சர்வேட்டரி குன்றில் பிறந்து, சுமார் 12 கிலோமீட்டர் ஓடி, ஆக்குளம் காயலில் சேர்கிறது. வழியில் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் சுமார் 117 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் அரசு ஆக்கிரமிப்புகளை அகற்றி, வடிகால்களைத் தூர்வாரியது. 2024 ஜூலை 13 அன்று அந்தச் சுரங்கத்தின் குப்பையை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரைத் தண்ணீர் இழுத்துப்போனது. இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது.

சாக்கடையாக மட்டும் ஒரு ஓடையைப் பார்த்தால், தூர்வாருவதைத் தவிர வேறு யோசனை வராது. நிலவடிவமைப்பாளர் என்ற தொழில்காரர் தேவைப்படுவது இங்கேதான். நம் ஊர்களில் அவரைக் கட்டடம் முடிந்த பிறகு புல்தரை போடவும் குரோட்டன்ஸ் நடவும் கூப்பிடுகிறார்கள். உண்மையில் அவர் முதல் ஆளாக வர வேண்டியவர். நிலம் எங்கே சரிகிறது, மண் எவ்வளவு குடிக்கும், வெள்ளம் எங்கே ஒதுங்கும் என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி சாலையும் கட்டடமும் மரமும் எங்கெங்கே என்று சொல்வது அவர் வேலை. அமெரிக்காவில் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்டனின் நாறிக்கிடந்த சதுப்பு நிலத்தை வெள்ளத்தைத் தாங்கும் பூங்காவாக மாற்றினார்.

கணக்கு எளிது. ஒரு ஏக்கர் சிமென்ட் தளத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தண்ணீர். மேட்டிலுள்ள அலுவலக வளாகங்களும் கல்லூரிகளும் வாகன நிறுத்துமிடங்களும் இதை அப்படியே கீழே அனுப்பும்போது தம்பானூர் என்ன செய்யும்? ஆகவே வைத்தியம் மேட்டில் தொடங்க வேண்டும். சாலையோரத்தில் தாழ்வான செடிப் பாத்திகள், தண்ணீர் இறங்கும் தரைக்கல், விளையாட்டுத் திடலைக் கால் மீட்டர் தாழ்த்தி மழைநாளில் மட்டும் குளமாக்குவது, இப்படி வழிகள் உண்டு. கரைக்குச் சுவர்தான் வேண்டும் என்பதில்லை. தாழை வேரும் புன்னை வேரும் மண்ணைப் பிடிக்கும். தோட்டுக் கரைகளில் தென்னைநார்ப் பாய் விரித்துச் செடி வளர்ப்பது கேரள ஊராட்சிகளுக்குப் பழகிய வேலைதான்.

இது நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. பிஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். வெயில் நாளில் கரைப் புல்லில் குழந்தைகள் விளையாடுவார்கள். மழைநாளில் அந்தப் புல்வெளியும் ஆறாகிவிடும்.

தம்பானூரில் அத்தனை இடம் கிடையாது என்பது உண்மை. குப்பை சேகரிப்பு சரியாகாமல் எந்தச் செடிப் பாத்தியும் பிழைக்காது என்பதும் உண்மை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சென்னையில் ஆற்றங்கரைகளைச் சீராக்கிய வேகத்தில், அங்கே வாழ்ந்த ஏழைகள் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கரையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசாமல் வரையும் வரைபடத்தை நான் ஏற்க மாட்டேன்.

தண்டவாளத்தைப் பெயர்க்க முடியாது. சுரங்கம் அங்கேயேதான் இருக்கும். ஆனால் அதன் வாய்க்கு முன்னால் ஓடையை அகலமாக்கி, வேகத்தைக் குறைத்து, மிதந்து வருவதைத் தடுக்கும் கம்பி வலையும், இயந்திரம் வந்து நின்று அள்ளுவதற்கான கரையும் வரைபடத்திலேயே இருந்தால், அந்த இருட்டுக்குள் இன்னொரு மனிதர் இறங்க வேண்டியிருக்காது.