"முன் அனுபவம்: இல்லை" என்று எழுதலாமா?

பத்தாவது, பிளஸ் டூ முடிச்ச அக்கா, அண்ணன்கள் வேலைக்குப் போனால் முதல்ல கேட்பது பயோடேட்டாதான். தமிழில் தன்விவரக் குறிப்பு என்று சொல்வார்கள். கடையில் அச்சடித்த ஃபாரமும் விற்கிறது. பெயர், முகவரி, படிப்பு எல்லாம் சீக்கிரம் எழுதிடலாம். "முன் அனுபவம்" என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். பல பேர் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அப்போ புதுசா போறவங்க என்னதான் எழுதுவது?

ராமானுஜன் என்ன எழுதினார்?

கணிதமேதை ராமானுஜனுக்கும் இந்தக் கஷ்டம் வந்தது. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் இல்லாததால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி வேலை அனுபவமும் கிடையாது. 1912 பிப்ரவரி 9-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு ஒரு சின்ன விண்ணப்பம் எழுதினார். அதில் இருந்தது என்னன்னா:

1. மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன். (உள்ள படிப்பை உள்ளபடி எழுதினார்.)
2. சில இடையூறுகளால் மேலே படிக்க முடியவில்லை. (மறைக்கவும் இல்லை, நீட்டி அழவும் இல்லை.)
3. அந்த நாட்களில் முழு நேரமும் கணிதத்தில் உழைத்தேன். (சும்மா இருக்கவில்லை என்று காட்டினார்.)
4. இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது.

கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் வைத்தார். மார்ச் 1-ஆம் தேதி முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

அடுத்த வருஷம், 1913 ஜனவரி 16-இல், இங்கிலாந்தில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் ஒரு குமாஸ்தா, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தான் கண்டுபிடித்த தேற்றங்களையும் சேர்த்து அனுப்பினார். அதுதான் அவரைக் கேம்பிரிட்ஜ் வரை கொண்டுபோனது. அதாவது "எனக்குத் திறமை உண்டு" என்று சொன்னால் போதாது, சாட்சியும் கூடவே போகணும்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

நாம எல்லாரும் ராமானுஜன் இல்லைதான். ஆனால் வெறும் கையும் இல்லை.

* தெலுங்கு: நம்ம பக்கம் நிறைய பேர் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் கடையிலும் கம்பெனியிலும் இது உதவும். "பேசத் தெரியும், எழுதத் தெரியாது" என்றால் அப்படியே எழுதணும்.
* டைப்ரைட்டிங்: ஜூனியர், சீனியர் எது பாஸ் பண்ணினோம், எந்த வருஷம் என்று எழுதணும்.
* என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி., சாரணர்: பேரை மட்டும் எழுதாமல் என்ன செய்தோம் என்று ஒரு வரி.
* வீட்டுத் தொழில்: அப்பா கடையில் கணக்கு எழுதியது, அம்மாவோடு தையல் தைத்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக 20 பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க. அவங்க பயோடேட்டாவிலும் "அனுபவம்: இல்லை" என்றுதான் இருந்தது! "சம்பள வேலை இல்லையே" என்றார். பிறகு திருத்தி எழுதினார். அடுத்த இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தானாம். பெண் பிள்ளைகள் நாம செய்யற வேலையை நாமே வேலைன்னு எண்ணுவதில்லை. அதனால்தான் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது.

கவனிக்க வேண்டியவை

* ஒரே பக்கம் போதும். பிழை இல்லாமல் இருக்கணும்.
* பிரவுசிங் சென்டரில் இன்னொருவர் பயோடேட்டாவில் பெயரை மட்டும் மாற்றி வாங்காதீர்கள். அதில் உள்ளதை விளக்கச் சொன்னால் முழிக்கணும்.
* அரக்கோணம் 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். பழைய வழக்கத்தில் வேலூர் மாவட்டம் என்று எழுதிவிடாதீர்கள்.
* சான்றிதழ் நகல் மட்டும் கொடுக்கணும். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளணும். வேலைக்கு முன்பணம் கேட்டால் வீட்டில் சொல்லணும்.
* பொய் வேண்டாம்.

பத்தாவது முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியலாம். 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். ரயில்வே அப்ரண்டிஸ் போன்றவற்றுக்கு முன் அனுபவமே கேட்பதில்லை. பத்தாவது மார்க்கும் ஐ.டி.ஐ. மார்க்கும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அதனால் படிப்பையும் விடக்கூடாது.

நமக்கு இன்னும் வருஷம் இருக்கிறது. இன்றைக்கே ஒரு நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். கற்றது, செய்தது, வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்தப் பக்கம்தான் நம்ம முதல் பயோடேட்டா.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி