மின்சாரப் புகைப்பெட்டியும் உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவியும்

மீனைப் புகையிலிட்டுப் பதப்படுத்த விரும்பும் மீன்குளச் சொந்தக்காரர்களுக்கு மின்சாரப் புகைப்பெட்டி மிகவும் அனுகூலமானது. விறகுச் சூளையின் முன் கண்விழித்துக் காத்திருக்கும் சிரமம் இதில் இல்லை. ஆயினும் மலிவான பெட்டிகளோடு வரும் தெர்மாஸ்டாட் பெரும்பாலும் செம்மையாக வேலை செய்வதில்லை. குறித்த அளவுக்கு மேலும் கீழுமாக உஷ்ணம் ஊசலாடும். இக்குறையைப் போக்கவே தனியான கட்டுப்பாட்டுக் கருவி இணைக்கப்படுகிறது.

உஷ்ணத்தைப் படிப்படியாக உயர்த்துதலே இத்தொழிலின் உயிர்நிலை. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து டோரி ஆராய்ச்சி நிலையத்தார் 1939-ல் அமைத்த சூளை, இதனை அளவோடு செய்ய வழிகாட்டிற்று. கானாங்கெளுத்தி போன்ற மீனுக்கு, உப்புநீரில் ஊறவைத்த பின்னர், முதல் அரைமணி 30 டிகிரி சென்டிகிரேடும், அடுத்த அரைமணி 50 டிகிரியும், அதன்மேல் ஏறக்குறைய ஒரு மணி 80 டிகிரியும் வைப்பது வழக்கம். எடுத்த எடுப்பிலேயே 80 டிகிரி வைத்தால் மேற்புறம் கெட்டித்து உள்ளீரம் வெளியேறாது, தோலும் வெடித்துவிடும்.

கருவியின் உணர்முனையை மீன் தொங்கும் மட்டத்தில், சுவரிலும் மீனிலும் படாமல் நிறுத்துக. பெட்டியின் சொந்தத் தெர்மாஸ்டாட்டை உச்ச அளவில் திருப்பி வைத்தல் வேண்டும். இல்லையேல் ஒரு வேலையாளுக்கு இரண்டு எஜமானர் என்றாகும். மின்சாரம் நின்று வந்ததும் மறுபடி பொத்தானை அழுத்தினாலன்றி ஓடாத பெட்டிகளுக்கு இக்கருவி பொருந்தாது. 230 வோல்ட்டில் 1500 வாட் பெட்டி சுமார் 6½ ஆம்பியர் இழுக்கும். கருவியின் ரிலே அதற்கு மேலும் தாங்குவதாக இருக்கட்டும்.

இனி, பலரும் திகைக்கும் இடம் ஒன்றுண்டு. கருவி வைத்த பின் புகையே வருவதில்லை என்பார்கள். பெட்டியைச் சூடாக்குவதும் மரத்தூளைப் புகையவைப்பதும் ஒரே மின்சுருள்தான். உஷ்ணம் குறித்த அளவில் நின்றுவிட்டால் சுருள் அதிகமாக எரிவதில்லை, தூளும் கனிவதில்லை. மேல் துவாரத்தைச் சற்றே திறந்து வைத்தால் வெப்பம் வெளியேறி, சுருள் அடிக்கடி எரியும். 30 டிகிரிப் படிக்கு இதுவும் போதாது. புகையைத் தனிப் பாத்திரத்தில் உண்டாக்கி உள்ளே விடுதலே தக்கது. வர்ணம் பூசிய மரமும் பிசினுள்ள மரமும் ஆகா.

கருவி காட்டுவது காற்றின் உஷ்ணமேயன்றி மீனின் உஷ்ணமன்று. வெளியே 80 டிகிரி காட்டும்போது தடித்த மீனின் நடுப்பாகம் 50 டிகிரியைக்கூட எட்டாதிருக்கலாம். ஆதலால் இன்னோர் உஷ்ணமானியை இருப்பதில் பெரிய மீனின் தடித்த பாகத்தில் செருகி, 63 டிகிரியை எட்டி 30 நிமிஷம் நின்றதைப் பார்த்த பிறகே இறக்குதல் வேண்டும். கூட்டாகப் பெட்டி வாங்கிய கிராமங்களில் இவ்வளவுகளை ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் பதிவு செய்விப்பது கிராம அதிகாரிகளின் கவனத்துக்குரியது.

உணர்முனை நழுவி வெளியே விழுந்தால், பெட்டி குளிர்ந்துவிட்டதென்றே கருவி கருதி ஓயாமல் சூடேற்றும், தீவிபத்தும் நேரலாம். ஆளில்லாமல் விட்டுச் செல்லலாகாது.

புகையிட்ட மீன் கருவாடு போன்றதன்று. காற்றுப் புகாத பையிலிட்டு வெளியே வைத்தால், பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சு, நாற்றம் ஏதும் காட்டாமலே அதில் உண்டாகக்கூடும். ஆறியவுடன் 3 டிகிரிக்குக் கீழே குளிரில் வைத்து, சில தினங்களுக்குள் விற்றுவிடுக.