பல்லாவரத்துக் கல்லும் ஆதாமின் வயதும்

1863 மே 30. பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளைக்காகத் தோண்டிய ஆழமில்லாத குழி. வெளியே கொட்டிக் கிடந்த செஞ்சரளையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை, வயது 28. அது தானாக உடைந்த கல் அல்ல, யாரோ வேலைப்பாடாகச் செதுக்கியது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சாட்சி அது.

பக்கத்திலேயே பரங்கிமலை. கி.பி. 72இல் புனித தோமையார் அங்கே கொல்லப்பட்டு, மயிலாப்பூர் சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. போதாததற்கு, ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர்! மாமனார் ஆதியாகமத்தோடு மல்லுக்கட்ட, மருமகன் ஆதிமனிதனைத் தேடி அலைந்தார்.

ஆதாமின் வயதுக்கு அன்று ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று 17ஆம் நூற்றாண்டில் கணக்குப் போட்டவர் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். வேதாகமத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. ஆனால் ஆங்கில வேதாகமப் பதிப்புகள் அந்த ஆண்டை ஓரத்தில் அச்சிட்டதால், பலருக்கு அதுவே வேதவாக்காகிப் போனது.

1863 செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அவற்றின் வயதை அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. அறிவியலின் எல்லை அப்போது அங்கே நின்றது. தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2011இல் அதைத் தாண்டினார்கள். தரையின் மேல் கிடக்கும் குவார்ட்ஸில் விண்கதிர் பட்டால் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். கல் ஆழப் புதைந்ததும் அந்த வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில். மிச்சமிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் புதைந்த காலம் தெரியும். விடை, சுமார் 15 லட்சம் ஆண்டு.

செதுக்கியவர் யார்? அதிரம்பாக்கத்தில் அதைச் சொல்லத்தக்க மனித எலும்பு இதுவரை நமக்குக் கிடைக்கவில்லை. “பார்த்தீர்களா, அறிவியலுக்குத் தெரியாது” என்று இதைப் பிடித்துக்கொள்வது விசுவாசிக்கு நல்லதல்ல. நர்மதைக் கரையின் ஹத்னோராவில் 1982இல் ஓர் ஆதிமனித மண்டையோடு கிடைத்ததுபோல, நாளை இங்கே ஒரு பல் அகப்படலாம். கடவுளை இந்த இடைவெளியில் குடிவைத்தால், ஒவ்வோர் அகழாய்விலும் அவர் வீடு மாற வேண்டியிருக்கும்.

வேறு வகை எல்லையும் உண்டு. செதுக்கியவருக்கு ஆன்மா இருந்ததா என்பதற்கு அலுமினியம்-26 பதில் சொல்லாது. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் கோடு கிழித்ததும் ஏறக்குறைய இங்கேதான். மனித உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாவைப் படைப்பவர் கடவுளே என்றார் அவர். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று 1996இல் இரண்டாம் ஜான் பால் ஒரு படி மேலே போனார். படைப்பின் ஆறு நாளை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் சபைகள் இதை ஏற்பதில்லை.

உண்மையான சிக்கல் இன்னும் தீரவில்லை. மனித குலம் முழுவதும் ஒரே ஆதித் தம்பதியிடமிருந்து வந்தது என்பதைப் பயஸ் விட்டுக்கொடுக்கவில்லை; ஜென்மபாவக் கோட்பாடு அதன்மேல் நிற்கிறது. மரபணுவியலோ நம் முன்னோர் ஒரு ஜோடி அல்ல, ஆயிரக்கணக்கானோர் அடங்கிய கூட்டம் என்கிறது. இறையியலாளர்கள் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். கல்லின் வயதில் தகராறு செய்வது வீண் வேலை.