லீக்கிற்குப் புறம்பே நின்ற கழகம்

பந்தாடுதல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் இளங்கோவடிகள் கந்துக வரி அமைத்திருத்தலைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். ஆயினும் ஆண்டுப் பந்தாடுவோர் மகளிர், ஆடுவதும் கையினாலேயாம். இக்காலத்து அல்லிநகரத்திலும், அதனோடு இணைந்த தேனியிலும், கம்பம் பள்ளத்தாக்கின் பிறவூர்களிலும் மாலைப்பொழுதில் இளைஞர் ஓடியாடும் உதைபந்தாட்டமோ கடல் கடந்து நம்மிடம் வந்தது. வந்த ஆட்டத்தை நம் நாட்டார் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதும், அதற்கெனக் கூடிய சிறு கழகமொன்று எத்தகைய தடைகளைக் கடந்தது என்பதும் நம் போன்ற மாணவர் அறியத்தக்கன. ஆகலின், கல்கத்தா மோகன் பகான் கழகத்தின் தொடக்க வரலாற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

வரலாற்றிற்குள் புகுமுன் இரண்டு சொற்களைத் தெளிதல் வேண்டும். அவை 'லீக்' என்பதும் 'கோப்பை' என்பதுமாம். லீக் என்பது குறித்த சில கழகங்கள் தம்முள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் முறையே ஆடி, வெற்றிக்கும் சமனுக்கும் புள்ளிகள் பெற்று, ஆண்டிறுதியில் மிகுந்த புள்ளி உடையது முதன்மை எய்தும் ஏற்பாடாகும். கோப்பைப் போட்டியோ வேறு வகையது. அதில் தோற்றவர் விலகுவர், வென்றவர் மேற்செல்வர், இறுதியில் எஞ்சி நிற்பவர் பரிசு பெறுவர். லீக்கினுள் இடம்பெறுதல் முன்னரே உள்ளிருப்போர் வகுத்த விதியைப் பொறுத்தது. கோப்பைப் போட்டியிலோ, பெயர் கொடுக்க இடம் பெற்றவன் எளியனாயினும் வலியனோடு நேர்நின்று ஆடலாம். இவ்வேறுபாடே நாம் கூறப்போகும் செய்திக்கு உயிர்நிலை.

இங்கிலாந்திலே 1857-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் நத்தானியேல் கிரெசுவிக், வில்லியம் பிரெஸ்ட் என்னும் நண்பர் இருவர் ஷெபீல்டு நகரில் ஓர் உதைபந்துக் கழகம் நிறுவினர். இன்றும் நிலைத்திருக்கும் உதைபந்துக் கழகங்களுள் அதுவே மிகப் பழைமையானது. 1871-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கோப்பைப் போட்டியும், 1888-ஆம் ஆண்டில் பன்னிரண்டு கழகங்கள் கூடிய லீக்கும் தோன்றின. பொருள் பெற்று ஆடுவோரைக் கொண்ட கழகங்கள் லீக்கினுள் ஓங்கி வளர்ந்தன. ஷெபீல்டு கழகமோ ஊதியமின்றி ஆடுதலையே கொள்கையாகக் கொண்டமையின் அந்த லீக்கில் ஒருபொழுதும் இடம்பெற்றிலது. ஆயினும் அழிந்துபடவுமில்லை. 1904-ஆம் ஆண்டில், ஊதியம் பெறாதார்க்கென அமைந்த கோப்பையை வென்று தன் பெயரை நிறுவிக்கொண்டது.

இவ்வாறு லீக்கிற்குப் புறம்பே நின்ற கழகங்கள் அந்நாட்டில் மிகப் பலவாம். அவை தத்தம் ஊரார் தரும் சிறு கட்டணத்தாலும், தாமே முன்வந்து உழைப்போர் அன்பினாலும் வாழ்வன. அவற்றுள் ஒன்று லீக்கினுள் புகவேண்டுமாயின், நெடுங்காலம் உள்ளிருக்கும் கழகங்களின் வாக்குப் பெறல் வேண்டியிருந்தது. ஆட்டத்தில் பெற்ற வெற்றியினாலேயே மேலேறும் முறை 1986–87 ஆட்டப் பருவத்தில்தான் ஏற்பட்டது. எனினும் கோப்பைப் போட்டியின் வாயில் அவர்க்கு என்றும் திறந்தேயிருந்தது. 1901-ஆம் ஆண்டில் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகம் லீக்கிற்குப் புறம்பே நின்றவாறே இறுதியாட்டத்தில் ஷெபீல்டு யுனைடெட் கழகத்தை எதிர்த்து, முதன்முறை 2-2 எனச் சமன் செய்து, மறுமுறை 3-1 என வென்று கோப்பையைக் கைக்கொண்டது. லீக் தோன்றிய பின்னர் அதற்குப் புறம்பான கழகமொன்று அக்கோப்பையை வென்றது அவ்வொரு முறையேயாம்.

அதற்குப் பத்தாண்டுகள் கழித்து நம் நாட்டிலும் அத்தகையதொரு நிகழ்ச்சி நேர்ந்தது. ஆனால் அங்கே தடையாக நின்றது பொருளின்மையும் பழக்கமின்மையும். இங்கே தடையாக நின்றது பிறப்பு.

ஆங்கிலேயப் படைவீரரும் வணிகரும் கல்கத்தாவின் பெருவெளியில் இவ்வாட்டத்தை ஆடிவந்தனர். 1893-ஆம் ஆண்டில் இந்திய உதைபந்துச் சங்கம் தோன்றிக் கேடயப் போட்டியைத் தொடங்கியது. 1898-ஆம் ஆண்டில் கல்கத்தா லீக் தொடங்கிற்று. பெயர் கல்கத்தா லீக்கேயாயினும் கல்கத்தா மக்களுக்கு அதில் இடமில்லை. ஐரோப்பியர் கழகங்களும் படைப்பிரிவுகளுமே அதனுள் ஆடின. ஊரின் பெயரைத் தாங்கியதோர் அமைப்பில் ஊரார் புறத்தே நின்று வேடிக்கை பார்க்கும் நிலைமை இருந்தது.

மோகன் பகான் கழகம் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் வடகல்கத்தாவில் பிறந்தது. 'மோகன் பகான்' என்பது ஆண்டிருந்த தோட்ட மாளிகை ஒன்றன் பெயர். அம்மாளிகையின் வெளியில் ஆடிய இளைஞர்க்காக அப்பகுதிப் பெரியோர் கூடிக் கழகத்தை அமைத்தனர். முதல் தலைவர் பூபேந்திரநாத் பாசு என்பார். 1914-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் இவரே. தொடக்கத்தில் 'ஸ்போர்ட்டிங்' கழகம் எனப் பெயர் பூண்டிருந்தது. பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ரோ என்பார், வேட்டையாடலும் தூண்டிலிடலும் இல்லாத கழகத்திற்கு அப்பெயர் பொருந்தாது என எடுத்துக்காட்ட, 'அத்லெட்டிக்' கழகம் என மாற்றினர் என்பர். ஒரு சொல்லின் பொருளாராய்ச்சியால் ஒரு கழகத்தின் பெயரே மாறிய இச்செய்தி தமிழ் மாணவராகிய நமக்குச் சுவை தருவதாகும்.

முதற் பத்தாண்டுகளில் இக்கழகம் பெரும்புகழ் எதனையும் பெற்றிலது. அதன் பின்னர் ஒழுங்கான உடற்பயிற்சியும் கட்டுப்பாடும் வந்தன. வெற்றியும் அவற்றின் பின்னே வந்தது. 1904-இல் கூச்பிகார்க் கோப்பையையும், 1905-இல் கிளாட்ஸ்டன் கோப்பையையும், 1906 முதல் 1908 முடிய மூன்றாண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையையும் வென்றது. 1909-இல் கேடயப் போட்டியிற் புகுந்து, கார்டன் ஹைலாண்டர்ஸ் என்னும் படைப்பிரிவினிடம் தோற்றது. தோற்றவர் மனமொடிந்திலர். தம் குறை யாதென அறிந்துகொண்டு மீண்டும் பயிற்சி செய்தனர்.

1911-ஆம் ஆண்டு வந்தது. கேடயப் போட்டியில் முதற்கண் செயின்ட் சேவியர் கழகத்தை 3-0 எனவும், அடுத்து ரேஞ்சர்ஸ் கழகத்தை 2-1 எனவும், அதன்மேல் ரைபிள் பிரிகேடு படையினரை 1-0 எனவும் மோகன் பகான் வென்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு ஆடியது 1-1 எனச் சமனாயிற்று. மறு ஆட்டத்தில் 3-0 என வெற்றி கிட்டியது. இறுதியாட்டம் ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவோடு நிகழ்ந்தது. வங்காளத்தின் பல பகுதிகளினின்றும் மக்கள் புகைவண்டியிலும் படகிலும் வந்து குவிந்தனர். ஆட்டத்தைக் காணவியலாது தொலைவில் நின்றோர்க்குப் பட்டங்களைப் பறக்கவிட்டு நிலைமையை அறிவித்தனர் என்பது பலரும் கூறும் செய்தி. முதலில் கோல் அடித்தவர் படையினரே. பின்னர்த் தலைவராகிய சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். 2-1 எனக் கேடயம் முதன்முறையாக இந்தியக் கழகமொன்றன் கைக்கு வந்தது.

அன்று ஆடிய பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். படையினரோ காலணி பூண்டவர். மோகன் பகான் அணியில் காலணி பூண்டு ஆடியவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. அவர் கிறிஸ்தவர், பிற்காலத்தில் திருப்பணியேற்றுக் குருவாக விளங்கியவர். அவர் காலணியோடும் மற்றையோர் வெறுங்காலோடும் ஒரே அணியினராய் நின்றனர். உடையும் வழிபாடும் வேறாயினும் நோக்கம் ஒன்றாயின் வேற்றுமை இடையூறாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் இப்பெரியாரை நினைவிற் கொள்ளுதல் தகும்.

காலணியைப் பற்றிக் கூறுகையில் மற்றொன்றும் நினைவிற்கு வருகின்றது. 1891-ஆம் ஆண்டில் காசுமீரத்து மிஷன் பள்ளியில் டிண்டேல் பிஸ்கோ என்னும் ஆசிரியர் உதைபந்தை முதன்முதல் கொண்டுவந்தபொழுது, தோலினாற் செய்த பொருளைத் தீண்டுதல் தம் குலவொழுக்கத்திற்கு இழுக்கு எனக் கருதி அந்தண மாணவர் ஆட மறுத்தனராம். பின்னர் அவர்களே விரும்பி ஆடலாயினர். ஒரு சாரார் தோலுக்கு அஞ்சிப் பந்தை விலக்கினர். மற்றொரு சாரார் பிறப்பை நோக்கி ஆடுவோரை விலக்கினர். இருவகை விலக்கையும் அகற்றிற்று இவ்வாட்டம்.

இனி, 1911-ஆம் ஆண்டின் வெற்றியைப் பற்றி மிகைபடக் கூறுவாரும் உளர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டதும், தலைநகர் டில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டதும் இவ்வெற்றியின் விளைவே எனப் பேசுதல் பொருந்தாது. அரசியல் நிகழ்ச்சிகளுக்கு அரசியற் காரணங்களே உண்டு. உதைபந்தின் வெற்றி உதைபந்தின் வெற்றியே. ஆனால் மக்கள் உள்ளத்தில் அது விளைத்த மாறுதலைச் சிறிதென்றல் ஆகாது. 'இவரோடு எதிர்நின்று வெல்லுதல் இயலாது' என்று நெடுநாள் எண்ணியிருந்தோர், இயலும் என்பதைத் தம் கண்ணாற் கண்டனர்.

இங்ஙனம் கேடயத்தை வென்ற கழகத்திற்கு மறுநாளே லீக்கின் கதவு திறந்ததோவெனின், இல்லை. வென்ற ஆண்டிலும் அது லீக்கிற்குப் புறம்பானதே. மேலும் மூன்றாண்டுகள் அவ்வாறே இருந்தது. 1914-ஆம் ஆண்டில்தான் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. 1915-இல் முதற்பிரிவில் ஏறிற்று. அதன் பின்னும், முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டிற்கு மேல் இருத்தலாகாது என்றதொரு விதி நின்றது. 1920-இல் தோன்றிய கிழக்கு வங்கக் கழகம் மேலேறும் தகுதி பெற்று முறையிட்ட பின்னரே, 1925-இல் அத்தடை நீங்கிற்று. இந்தியக் கழகங்களுள் முதன்முதல் லீக் முதன்மை எய்தியது முகம்மதன் ஸ்போர்ட்டிங். அது 1934 முதல் 1938 முடிய ஐந்தாண்டுகள் இடையறாது வென்றது. மோகன் பகானுக்கு அப்பேறு 1939-இல் தான் வாய்த்தது. கேடயத்திற்கும் லீக் முதன்மைக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

இவ்விருபத்தெட்டாண்டுகளே நாம் கருதவேண்டிய பகுதி. ஒருநாள் வெற்றி கண்டோரைக் களிக்கச் செய்யும். விதியை மாற்றுதற்கோ பல நாளைய உழைப்பு வேண்டும். தகுதி ஒருபுறம் நிற்க, அதனை ஏற்கும் முறை வேறொருபுறம் நிற்குமாயின், தகுதியுடையோர் ஒருமுறை வென்றதோடு அமையாது, மீண்டும் மீண்டும் கதவைத் தட்டுதல் வேண்டும். அன்றியும், உள்ளே இடம் பெற்றவர் தமக்குப்பின் வெளியே நிற்பாரை மறந்துவிடுதல் மனித இயல்பு. இருவர்க்கு மட்டும் இடம் என்ற விதி, மூன்றாமவன் வருந்துங்காறும் எவருக்கும் பெருங்குறையாகத் தோன்றியிலது. கல்லூரியினும் ஊரினும் சங்கங்கள் நடத்தும் நாம் நம் விதிகளை இந்நோக்கோடு ஆராய்தல் நன்று.

தமிழ்நாட்டிலும் நற்குறிகள் தோன்றியுள்ளன. 2018–19 ஆட்டப் பருவத்தில் சென்னை சிட்டி கழகம் ஐ-லீக்கில் முதன்மை பெற்றது. அப்பருவத்திலேயே நமக்கு அணித்தாகிய மதுரையைச் சேர்ந்த சேது கழகம் இந்திய மகளிர் லீக்கை வென்றது. மகளிர்க்குரியதாகப் பண்டைப் புலவர் பாடிய பந்து, கையினின்று காலுக்கு இறங்கியும் மகளிரை விட்டு நீங்கவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது.

நம் பள்ளத்தாக்கில் ஆர்வத்திற்குக் குறைவில்லை. கரும்பும் வாழையும் திராட்சையும் விளையும் இந்நிலத்து இளைஞர் ஓட்டத்திற்கும் உறுதிக்கும் பின்வாங்குவோர் அல்லர். ஆனால் ஆர்வம் வேறு, கழகம் வேறு. பந்து கிழிந்தால் மறையும் கூட்டம் கழகமாகாது. உறுப்பினர் பெயரேடு, வரவுசெலவுக் கணக்கு, நடவடிக்கைக் குறிப்பு, உரிய நேரத்தில் வருவதென்னும் நோன்பு, ஆடுநர் கல்வியை முடித்துச் சென்றபின் அடுத்தாரை அழைத்துப் பயிற்றும் பொறுமை ஆகிய இவையே ஒரு கழகத்தை நூறாண்டுகள் வாழ்விப்பன. மோகன் பகான் முதற்பெருவெற்றி காண இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. ஷெபீல்டு கழகம் லீக்கினுள் ஒருநாளும் புகாமலேயே நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது.

பந்தயத்தில் ஓடுவோர் அழிவுள்ள கிரீடத்தின் பொருட்டு இச்சையடக்கம் பயில்வதைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எடுத்துக்காட்டினார். ஆடுகளம் நமக்குக் கற்பிப்பதும் அவ்வடக்கமே. பழைய மாணவராகிய அன்பர்கள் தத்தம் ஊரில் ஒரு சிறு கழகத்திற்கேனும் ஒரு வெளியும் ஒரு பந்தும் ஒரு செயலாளரும் அமையத் துணைசெய்வாராயின், அல்லிநகரத்து இளைஞரும் ஒருநாள் தமக்கென ஒரு வரலாறு எழுதிக்கொள்வர் என்பது நம் துணிபு.